இரண்டு மேடைகள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

விழா மேடையில் சமயமும் இலக்கியமும் கேட்டுப் பழகிய செவிகளுக்கு இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் சற்றுக் கடுமையாகத் தோன்றலாம். பெண்களின் அரசியற் பிரதிநிதித்துவம் ஒன்று, மரண தண்டனை மற்றொன்று. மொட்டந்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறார்களோ என்று சிலர் எண்ணக்கூடும். ஆயின், இவ்விரண்டையும் முதன்முதலில் ஒரே முடிச்சாகப் போட்டவர் நாமல்லர். இற்றைக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண்மணி அம்முடிச்சைப் போட்டாள். அதற்குத் தன் தலையையே விலையாகக் கொடுத்தாள். அவளுடைய கதையிலிருந்தே நாம் தொடங்குவோம்.

1789 ஆம் ஆண்டிலே பிரான்சு தேசத்திற் புரட்சி வெடித்தது. மனிதனுடைய உரிமைகளைப் பற்றிய பிரகடனம் ஒன்று பதினேழு பிரிவுகளில் வெளியாயிற்று. மனிதர் யாவரும் பிறப்பாற் சமம் என்ற அந்தப் பிரகடனத்தை உலகமே வியந்து பாராட்டியது. ஆனால், "மனிதர்" என்ற சொல்லுக்குள் பெண்கள் அடங்கவில்லை. வாக்களிக்கும் உரிமையோ சபையில் அமரும் உரிமையோ அவர்களுக்கு வழங்கப்படவில்லை. அப்போது மொந்தோபன் என்னும் ஊரிலே ஓர் இறைச்சிக் கடைக்காரர் குடும்பத்தில் வளர்ந்து, பாரிஸ் நகருக்கு வந்து, நாடகங்களும் துண்டுப் பிரசுரங்களும் எழுதிவந்த ஒலிம்ப் டி கூஜ் என்ற பெண்மணி பேனாவை எடுத்தாள். அடிமை வியாபாரத்தைக் கண்டித்து நாடகம் எழுதியவள் அவள். 1791 ஆம் ஆண்டு செப்டெம்பரில் பெண்ணுக்கும் பெண் குடிமகளுக்கும் உரிய உரிமைகளின் பிரகடனத்தை அவள் வெளியிட்டாள். ஆண்களின் பிரகடனத்தைப் போலவே அதிலும் பதினேழு பிரிவுகள் இருந்தன.

அதன் பத்தாவது பிரிவிற் கூறப்பட்ட நியாயம் மிக எளியது. குற்றம் செய்தால் பெண்ணையும் கொலைமேடையில் ஏற்றுகிறீர்கள். அங்கே அவள் பெண்ணென்று நீங்கள் விலக்கு அளிப்பதில்லை. ஆதலால் சட்டம் இயற்றப்படும் சொல்மேடையில் ஏறும் உரிமையும் அவளுக்கு உண்டு. சாவதற்குச் சமமானவள் பேசுவதற்கு மட்டும் எப்படிச் சமமற்றவள் ஆவாள்? இதுதான் அவள் கேட்ட கேள்வி.

அந்தக் கேள்விக்குப் புரட்சி அரசாங்கம் எப்படி விடை கூறியது? பதினாறாம் லூயி மன்னனைக் கொல்ல வேண்டாம் என்றும், அவனுக்காக வாதாடத் தான் தயார் என்றும் கூறியதனால் அவள் பலருடைய வெறுப்பைப் பெற்றாள். 1793 ஆம் ஆண்டு யூலை மாதத்தில், எந்த வகையான ஆட்சி வேண்டும் என்பதை மக்களே வாக்களித்துத் தீர்மானிக்கட்டும் என்று ஒரு சுவரொட்டி அச்சிட்டாள். மூன்று வாக்குப் பெட்டிகள் என்பது அதன் கருத்து. உடனே கைது செய்யப்பட்டாள். நவம்பர் 3 ஆம் திகதி கில்லட்டின் என்னும் பொறியிலே அவளுடைய தலை வீழ்ந்தது. இரண்டு வாரங்களுக்குள் பாரிஸ் நகரசபையின் அதிகாரி ஒருவர், பொதுவாழ்விற் தலையிட விரும்பும் பெண்கள் இவளுடைய கதியை நினைவிற் கொள்ளட்டும் என்று எச்சரித்தார். பெண்களின் அரசியற் கழகங்களோ அதற்குச் சில நாட்கள் முன்னரே தடைசெய்யப்பட்டுவிட்டன. கொலைமேடையில் ஏறும் உரிமையை அவளுக்குக் கொடுத்தார்கள். சொல்மேடையில் ஏறும் உரிமையைக் கொடுக்கவில்லை.

அன்பர்களே, அந்த மற்ற உரிமை பிரெஞ்சுப் பெண்களுக்கு எப்போது கிடைத்தது தெரியுமா? 1944 ஆம் ஆண்டிலே. இடையில் நூற்றைம்பத்தொரு ஆண்டுகள் கழிந்தன. அந்த ஆண்டுகளில் எல்லாம் பெண்கள் தாம் இயற்றாத சட்டங்களால் விசாரிக்கப்பட்டார்கள், தாம் தெரிவு செய்யாதவர்களாற் தண்டிக்கப்பட்டார்கள். 1943 ஆம் ஆண்டு யூலை 30 ஆம் திகதி மாரி லூயிஸ் ஜிரோ என்ற பெண், கருச்சிதைவு செய்து கொடுத்தாள் என்பதற்காகப் பாரிசில் தலை வெட்டப்பட்டாள். அவள் செய்தது சரியென்று வாதாட நாம் வரவில்லை. ஆனால் அந்தச் சட்டத்தை எழுதிய காலத்தில் அந்த நாட்டிலே ஒரு பெண்ணுக்கேனும் வாக்குரிமை இருக்கவில்லை என்பதைச் சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். யாருடைய உயிரை ஒரு சட்டம் பறிக்கக்கூடுமோ, அவர்களுக்கு அந்தச் சட்டத்தைப் பற்றிப் பேச இடமிருக்க வேண்டும். பெண்களின் பிரதிநிதித்துவத்திற்கு இதைவிட வலிய நியாயம் வேறொன்றும் வேண்டியதில்லை.

இவ்வளவும் கேட்டபின் உங்களிற் பலர், "அதுதான் இப்போது பெண்களுக்கும் வாக்குரிமை வந்துவிட்டதே, இனி என்ன குறை?" என்று கேட்கலாம். வேறு சிலர் இன்னும் ஒருபடி மேலே சென்று, "பெண்கள் இயல்பிலேயே இளகிய மனத்தினர். அவர்கள் ஆட்சிக்கு வந்தால் தூக்குமரம் தானாகவே ஒழிந்துவிடும். ஆகவே அவர்களுக்கு இடம் கொடுங்கள்" என்பார்கள். இந்த இரண்டாவது வாதம் கேட்பதற்கு இனிமையானது. பெண்களைப் புகழ்வது போலவும் இருக்கிறது. ஆனால் அது உண்மைதானா என்பதைச் சரித்திரத்தை வைத்து உரைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு நாம் தூரதேசம் போக வேண்டியதில்லை. எமது இலங்கையே போதும்.

1931 ஆம் ஆண்டிலே டொனமூர் அரசியற் திட்டத்தின்கீழ் இந்நாட்டின் ஆண் பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை கிடைத்தது. பிரெஞ்சுப் பெண்களுக்கு முன்னரே எமது பெண்கள் அதனைப் பெற்றுவிட்டனர் என்பது நமக்குப் பெருமை. அதுவும் தானாகக் கனிந்து விழுந்த பழமன்று. 1927 ஆம் ஆண்டிலே தோன்றிய பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தினர் டொனமூர் ஆணைக்குழுவின் முன் தோன்றி வாதாடிப் பெற்றது. அதே 1931 இல் அடலின் மொலமூறே அம்மையார் அரசாங்க சபைக்குத் தெரிவாகிய முதற் பெண்மணியானார். அடுத்த ஆண்டிலே நேசம் சரவணமுத்து அம்மையார் கொழும்பு வடக்கில் வெற்றி பெற்றார். சட்டசபையில் அமர்ந்த முதற் தமிழ்ப் பெண்மணி அவரே. 1960 ஆம் ஆண்டு யூலை 21 ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்கா அம்மையார் பிரதம மந்திரியானபோது, உலகத்திலேயே முதற் பெண் பிரதமர் என்ற புகழ் இந்தத் தீவுக்கு வந்தது.

இனித் தூக்குமரத்தின் கதையைக் கேளுங்கள். 1956 இல் ஆட்சிக்கு வந்த எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா அரசாங்கம் மரண தண்டனையை நிறுத்தி வைக்கத் தீர்மானித்தது. 1958 இல் அதற்கெனச் சட்டமும் இயற்றப்பட்டது. நோவல் மொறிஸ் என்னும் சட்டப் பேராசிரியரின் தலைமையில் ஓர் ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. தண்டனையை மீளக் கொண்டுவர வேண்டாம் என்றே அது விதந்துரைத்தது. ஆனால் 1959 ஆம் ஆண்டு செப்டெம்பரில் அதே பிரதமர் தமது இல்லத்திலேயே சுடப்பட்டு, மறுநாள் உயிர் நீத்தார். தேசம் கொதித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் மரண தண்டனை மீண்டும் சட்டமாயிற்று. தூக்குமரத்தை நிறுத்தியவருடைய மரணமே தூக்குமரத்தை மீண்டும் நாட்டுவதற்குக் காரணமாயிற்று. இதைவிடத் துயரமான முரண் ஒன்று உண்டோ?

1962 ஆம் ஆண்டு யூலை 6 ஆம் திகதி, சுட்டவரான சோமராமர் வெலிக்கடைச் சிறையிலே தூக்கிலிடப்பட்டார். அப்போது பிரதம மந்திரியாக இருந்தவர் கொலையுண்டவருடைய மனைவி. கணவனை இழந்த அந்த அம்மையாரின் உள்ளத்தில் என்ன இருந்தது என்று தீர்ப்புக் கூற நாம் யார்? அது எமது வேலையன்று. நாம் சொல்வதெல்லாம் இதுதான்: பெண்ணொருவர் நாட்டின் தலைமையில் இருந்தார் என்பதனால் மட்டும் தூக்குக்கயிறு அறுந்துவிடவில்லை. இந்நாட்டில் இறுதியாக ஒருவர் தூக்கிலிடப்பட்டது 1976 ஆம் ஆண்டு யூன் மாதத்தில். அப்போதும் அதே அம்மையாரே பிரதமர். அதன்பின் வந்த ஆண் சனாதிபதிகளின் காலத்தில், வேறு பல கொடுமைகள் இந்நாட்டில் நடந்தேறிய காலத்தில், நீதிமன்றத் தீர்ப்பின்படி எவரும் தூக்கிலிடப்படவில்லை. 2004 நவம்பரில் மேல் நீதிமன்ற நீதிபதி சரத் அம்பேபிட்டிய கொலை செய்யப்பட்டபோது, மரண தண்டனை இனி நடைமுறைக்கு வரும் என்று அறிவித்தவர் சனாதிபதி சந்திரிகா குமாரதுங்க அம்மையார். 2019 இல் நான்கு பேரைத் தூக்கிலிடக் கையெழுத்திட்டு விட்டதாக அறிவித்தவர் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன. முதலாவது அறிவிப்பு நிறைவேற்றப்படவில்லை. இரண்டாவதை உயர் நீதிமன்றம் தடுத்து வைத்தது. ஒரு பெண்ணும் ஓர் ஆணும் ஒரே கோபத்தில் ஒரே கயிற்றைத் தேடினர். இதில் இளகிய மனம் எங்கே, இறுகிய மனம் எங்கே?

அயலிலுள்ள இந்தியாவையும் பார்ப்போம். 1991 மே மாதத்தில் நடந்த ராஜீவ் காந்தி கொலை வழக்கிலே, 1998 இல் விசாரணை நீதிமன்றம் இருபத்தாறு பேருக்கு மரண தண்டனை விதித்தது. 1999 இல் இந்திய உச்ச நீதிமன்றம் அதனை நால்வருக்கு உறுதி செய்தது. அந்நால்வருள் ஒருவர் சிறையிலேயே குழந்தை பெற்ற நளினி. இந்த வழக்கின் கதையில் நான்கு பெண்மணிகள் வருகிறார்கள். அவர்களை ஒவ்வொருவராகக் கவனிக்க வேண்டும்.

முதலாமவர் கொலையுண்டவரின் மனைவி சோனியா காந்தி அம்மையார். நளினியைத் தூக்கிலிட வேண்டாம் என்று அவர் வேண்டினார். இரண்டாமவர் அப்போது தமிழ்நாட்டின் ஆளுநராயிருந்த பாத்திமா பீவி அம்மையார். இந்திய உச்ச நீதிமன்றத்தின் முதற் பெண் நீதிபதியாய் இருந்தவரும் இவரே. 2000 ஏப்பிரலில் மாநில அமைச்சரவையின் ஆலோசனைப்படி நளினியின் தண்டனையை அவர் ஆயுட் தண்டனையாகக் குறைத்தார். ஏனைய மூவருக்கும் குறைக்கவில்லை. மூன்றாமவர் இந்தியாவின் முதற் பெண் சனாதிபதி பிரதீபா பட்டீல் அம்மையார். தமது பதவிக்காலத்தில் முப்பதுக்கு மேற்பட்டோருடைய மரண தண்டனையைக் குறைத்தவர் அவர். அதே அம்மையார்தாம் 2011 இல் அந்த மூவருடைய கருணை மனுக்களை நிராகரித்தார். ஒரே கை சிலரை வாழ வைத்தது, சிலரைச் சாவதற்கு விட்டது.

நான்காமவர் அற்புதம் அம்மாள். அவருக்குப் பதவி இல்லை, சபையிலே ஆசனம் இல்லை. தூக்குக் கைதியான பேரறிவாளனைப் பெற்றவர் என்பதே அவருக்கிருந்த ஒரே தகுதி. பத்தொன்பது வயதிலே மகனைப் பொலிசார் கொண்டு சென்ற நாள் முதல், சிறை வாயில்களிலும் நீதிமன்றப் படிகளிலும் பொதுக்கூட்டங்களிலும் அவர் நடந்த நடைக்குக் கணக்கில்லை. 2011 செப்டெம்பர் 9 ஆம் திகதி தூக்கிலிடுவதென நாளும் குறிக்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்தது. இரண்டு ஆண்டுகளின் பின், 2013 இல், அவருடைய மகனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த பொலிஸ் அதிகாரியே, தாம் அதனை முழுமையாக எழுதவில்லை என்று வெளிப்படையாகக் கூறினார். 2014 இல் மூவருடைய தண்டனையும் குறைக்கப்பட்டது. 2022 மே 18 ஆம் திகதி உச்ச நீதிமன்றம் பேரறிவாளனை விடுதலை செய்தது. 2011 இல் கயிறு இழுக்கப்பட்டிருந்தால், 2013 இல் அந்த அதிகாரி பேசிய உண்மை யாருக்கு உதவியிருக்கும்? பிணத்திற்கு மேன்முறையீடு உண்டோ?

இந்த நான்கு பெண்மணிகளையும் ஒரே தராசில் வைத்து "பெண் மனம்" என்று பெயரிட முடியுமா? முடியாது. ஆளுநர் பதவியில் இருந்தவர் ஆளுநரைப் போல நடந்தார். சனாதிபதிப் பதவியில் இருந்தவர் சனாதிபதியைப் போல நடந்தார். ஒரு மனைவி மன்னித்தார். ஒரு தாய் போராடினார். ஆண்களுக்குள் எத்தனை விதமோ, பெண்களுக்குள்ளும் அத்தனை விதம்.

"ஒருவர் இருவர் பதவியில் இருந்து என்ன செய்வது? சபையிற் பாதிப் பேர் பெண்களாயிருந்தாலல்லவா தெரியும்" என்று ஒரு கேள்வி எழலாம். நியாயமான கேள்விதான். ஆபிரிக்காவிலுள்ள ருவாண்டாவிலே அப்படியும் நிகழ்ந்தது. 1994 ஆம் ஆண்டின் இனப்படுகொலைக்குப் பின், 2003 ஆம் ஆண்டின் அரசியலமைப்புப் பெண்களுக்கு நூற்றுக்கு முப்பது இடங்களையேனும் உறுதி செய்தது. அதே ஆண்டுத் தேர்தலில் எண்பது பேர் கொண்ட சபைக்கு முப்பத்தொன்பது பெண்கள் வந்தார்கள். 2007 இல் அந்நாடு மரண தண்டனையை ஒழித்தது. 1998 ஏப்பிரலில் ஒரே நாளில் இருபத்திரண்டு பேரைப் பொதுமக்கள் முன்னிலையிற் சுட்டுக்கொன்ற நாடு அது என்பதை மறக்கலாகாது. ஆகவே பெண்களே இதனைச் செய்தார்கள் என்று மகிழலாமா? அவசரப்பட வேண்டாம். மரண தண்டனை உள்ள நாட்டுக்குக் குற்றவாளிகளை அனுப்பமாட்டோம் என்று சர்வதேச நீதிமன்றமும் பிற நாடுகளும் மறுத்தமை அதற்கு ஒரு பெருங் காரணம். அன்றியும், அந்த இனப்படுகொலையிலே குற்றவாளியாகக் காணப்பட்ட போலின் நிராமசுகூக்கோ என்பவர் அக்காலத்தில் குடும்ப, மகளிர் விவகார அமைச்சராயிருந்த பெண். கொலையின் முதல் நாளிலேயே உயிரிழந்த பிரதம மந்திரி அகாத் உவிலிங்கியிமானாவும் பெண். ஒரே அரசாங்கத்தில் இருந்த இரு பெண்கள்! பெண் என்ற ஒரு சொல்லால் இவ்விருவரையும் எப்படி விளக்குவது?

இதுவரை கூறியவற்றால் நாம் எங்கே வந்து நிற்கிறோம்? பெண்களுக்கு ஆசனம் கொடுத்தும் பயனில்லை என்று சிலர் முடிவு கட்டக்கூடும். அம்முடிவு முற்றிலும் தவறு. ஆண்கள் அரசியலுக்கு வரும்போது "நீ இரக்கமுள்ளவனா?" என்று எவரேனும் கேட்டதுண்டா? அவர்களுக்கு அது உரிமை. பெண்ணிடம் மாத்திரம் சான்றிதழ் கேட்பது ஏன்? இரக்கத்திற்கு விலையாகக் கொடுக்கும் ஆசனம் உரிமையன்று, அது கூலி. கூலி கொடுத்தவன், வேலை பிடிக்காவிட்டால் அதனைத் திருப்பிக் கேட்பான். ஆகவே, பெண்களின் பிரதிநிதித்துவத்தை நீதியின் மேல் நிறுத்துவோம், அவர்களுடைய மென்மையின் மேல் நிறுத்த வேண்டாம். அதுபோலவே கருணையையும் பெண்களின் தலையிற் சுமத்திவிட்டு ஆண்கள் கைகழுவ வேண்டாம். ஒலிம்ப் டி கூஜ் வாழ்ந்த அதே காலத்தில் கொந்தொர்சே என்ற அறிஞர் இருந்தார். பெண்களுக்குக் குடியுரிமை வேண்டுமென்று 1790 இல் எழுதியவர் அவர். மன்னனுக்கு மரண தண்டனை வேண்டாமென்று சபையில் வாக்களித்தவரும் அவரே. அவர் ஆண்மகன். கருணைக்கு ஆண் பெண் என்ற பேதமில்லை.

நமது கண்ணகியை எண்ணிப் பாருங்கள். பாண்டியனுடைய சபைக்கு அவள் கண்ணீரை மட்டுமா கொண்டு சென்றாள்? கையிலே சிலம்பைக் கொண்டு சென்றாள். இரக்கத்தை யாசிக்கவில்லை, சான்று காட்டி வழக்குரைத்தாள். ஒரு பொற்கொல்லனுடைய வாய்ச்சொல்லை நம்பி, விசாரணையின்றி, ஆராயாமல் ஓர் உயிரைப் பறித்த அரசன், சிலம்பு உடைந்து மாணிக்கப் பரல் தெறித்தபோது என்ன செய்ய முடிந்தது? தன் உயிரை விட முடிந்தது. கோவலனுடைய உயிரைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. மரண தண்டனைக்கு எதிராக உலக நாடுகளில் இன்று சொல்லப்படும் முதல் நியாயம் இதுவே. அதனை நமது காவியத்திலே சபையேறிச் சொன்னவள் ஒரு பெண். அவளை இளகிய மனத்தினள் என்போமா? மதுரையை எரித்தவளல்லவா! வற்றாப்பளையிலும் மட்டக்களப்புப் பகுதியிலும் வைகாசி தோறும் அந்த அம்மனுக்குப் பொங்கலும் குளிர்த்தியும் செய்கிறோமே, அவளுடைய கோபம் தணிய வேண்டுமென்றல்லவா செய்கிறோம்? சிங்கள மக்களும் பத்தினித் தெய்வமென அவளை வணங்குகிறார்கள். நீதி தவறினால் ஊரே எரியும் என்பதை இத்தீவின் இரு இனத்தாரும் அறிந்தே இருக்கிறார்கள்.

இவ்விடத்திலே, கேட்கத் தயங்கும் ஒரு கேள்வியை நாமே கேட்டுவிடுவோம். 2015 மே மாதத்தில் புங்குடுதீவிலே ஒரு பாடசாலை மாணவி சிதைத்துக் கொல்லப்பட்டாள். வடபகுதி முழுவதும் வீதிக்கு இறங்கியது. மாணவிகளும் தாய்மாரும் கொலைகாரருக்கு மரணமே வேண்டுமென்று குரலெழுப்பினர். 2017 செப்டெம்பர் 27 ஆம் திகதி யாழ்ப்பாணத்திலே மூன்று நீதிபதிகள் கொண்ட மன்று ஏழு பேருக்கு மரண தண்டனை விதித்தது. அந்தத் தாய்மாரைப் பார்த்து, "தூக்கு வேண்டாம்" என்று சொல்ல உங்களுக்கு என்ன துணிவு என்று பெரியோர் கேட்கலாம். கொடியவரைத் தண்டிப்பதைப் பயிருக்குக் களையெடுப்பதோடு ஒப்பிட்டவர் திருவள்ளுவரே அல்லவா என்றும் கேட்கலாம்.

அந்தத் தாய்மாரின் கோபம் நியாயமானது. அதில் ஐயமில்லை. வள்ளுவர் அவ்வாறு கூறியதும் உண்மை. ஆயினும் அதே அதிகாரம் ஆராய்ந்து நடுநிலையோடு செய்வதே முறையென்று தொடங்குகிறது என்பதையும், கொல்லாமைக்குத் தனி அதிகாரம் வகுத்தவர் அவரே என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். இன்னுமொன்று: புங்குடுதீவு மாணவி தனியே பாடசாலைக்குப் புறப்பட்ட அந்தக் காலையில் நாட்டின் சட்டப் புத்தகத்திலே மரண தண்டனை இருந்தது. அது அவளைக் காக்கவில்லை. பொதுமக்கள் பிடித்த சந்தேக நபர் ஒருவர் தப்பிக் கொழும்பு வரை செல்ல முடிந்தது. அதையும் அச்சட்டம் தடுக்கவில்லை. அந்தத் தீவுகளின் பெண்கள் அன்று கேட்டிருக்க வேண்டியவை, இன்றும் கேட்க வேண்டியவை வேறு. ஆளில்லாத பாதையிற் பாதுகாப்பும் நேரத்திற்கு வரும் பஸ்ஸும் வேண்டும். முறைப்பாட்டை உடனே எழுதும் பொலிஸ் நிலையமும், அங்கே தமிழ் பேசும் பெண் அதிகாரியும் வேண்டும். ஆண்டுக்கணக்கில் இழுபடாத வழக்கு வேண்டும். இவற்றைக் கேட்பதற்கு வீதி போதாது, சபை வேண்டும். சபையில் இடமில்லாதவர்களுக்கு வீதியே கதியாகிறது, வீதியிலே நின்று கேட்கக்கூடியது தூக்குக்கயிறு ஒன்றுதான். பெண்களின் பிரதிநிதித்துவத்திற்கும் தூக்குமரத்திற்கும் உள்ள மெய்யான தொடர்பு இங்கேதான் இருக்கிறது.

அந்தச் சபைகளின் நிலை என்ன? சனத்தொகையிற் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். 2018 ஆம் ஆண்டு உள்ளூராட்சித் தேர்தலில் முதன்முறையாக நூற்றுக்கு இருபத்தைந்து என்ற ஒதுக்கீடு நடைமுறைக்கு வந்தபின், பிரதேச சபைகளிலே பெண்களின் குரல் சற்றுக் கேட்கத் தொடங்கியது. பாராளுமன்றத்திற்கோ அத்தகைய ஒதுக்கீடு இல்லாமலே 2024 ஆம் ஆண்டுத் தேர்தல் நடந்தது. மாத்தறை, நுவரெலியா, பதுளை ஆகிய மாவட்டங்களிலிருந்து தமிழ்ப் பெண்கள் அத்தேர்தலிலே தெரிவானமை மகிழ்ச்சி தரும் செய்தி. ஆயினும் இருநூற்றிருபத்தைந்து ஆசனங்களில், பெண்கள் பெற்றவை நூற்றுக்குப் பத்து அளவிலேயே நின்றன. உலகிற்கு முதற் பெண் பிரதமரைத் தந்த நாடு அறுபத்து நான்கு ஆண்டுகளின் பின் வந்து சேர்ந்த இடம் இது.

பாராளுமன்றத்தைக் குறை கூறுவது எளிது. நமது ஊரைப் பார்ப்போம். ஆலய பரிபாலன சபையிலே எத்தனை பெண்கள் இருக்கிறார்கள்? சனசமூக நிலையத்தின் தலைவராக ஒரு பெண்ணை எப்போதேனும் தெரிந்தோமா? கிராம அபிவிருத்திச் சங்கம் ஆண்களுக்கென்றும், மாதர் சங்கம் பெண்களுக்கென்றும் பிரித்துவிட்டு, காசும் தீர்மானமும் முதலாவதில் இருக்க, கோலமும் பலகாரமும் இரண்டாவதில் இருக்கும் வழக்கத்தை எவ்வளவு காலம் வைத்திருக்கப் போகிறோம்? சபையிலே எழுந்து பேசிப் பழகாத ஒருவர் திடீரென்று பாராளுமன்றத்திற் பேசிவிடுவாரா? இந்தச் சங்கத்தின் செயற்குழுவிலே பொருளாளர், செயலாளர் ஆகிய பதவிகளுக்கு யுவதிகள் அடுத்த ஆண்டே போட்டியிட வேண்டும். மூத்தோர் அவர்களை ஊக்க வேண்டும். அது சொல்மேடைக்கு முதற் படி.

இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. பத்திரிகையிலே ஒரு கொடுமையைப் படித்தவுடன் "தூக்கிற் போடு" என்று சொல்வது இலகு. அந்தச் சொல் வாயிலிருந்து வருமுன், சான்று என்ன, விசாரித்தவர் யார், பிழைத்திருந்தால் திருத்த வழியுண்டா என்று மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழகுங்கள். அவை கண்ணகி கேட்ட கேள்விகள். அவற்றைக் கேட்பதற்கு இளகிய மனம் தேவையில்லை, நேர்மையான மனம் போதும்.

முடிவாக ஒன்று. சிலப்பதிகாரத்தோடு கதை முடியவில்லை. அதன் தொடர்ச்சியான மணிமேகலையிலே, அமுதசுரபியை ஏந்திய அந்தப் பெண் சிறைக்கோட்டத்திற்குட் சென்று கைதிகளுக்கு உணவளிக்கிறாள். அரசன் மகிழ்ந்து, உனக்கு யாது வேண்டும் என்று கேட்கிறான். அந்தச் சிறையை அறக்கோட்டமாக மாற்றித் தருமாறு அவள் கேட்கிறாள். அரசனும் அவ்வாறே செய்கிறான். கண்ணகி சபைக்குச் சென்றபோது காலங் கடந்துவிட்டது, கணவன் வெட்டுண்டு வீழ்ந்துவிட்டான். மணிமேகலையிடமோ அரசன் முன்னரே கேட்டான். இரண்டு பெண்களுக்கும் நாவன்மை உண்டு, துணிவு உண்டு. கேட்கப்பட்ட காலந்தான் வேறு.

நமது பெண்களிடம் நாம் எப்போது கேட்கப் போகிறோம்? தலை வீழ்ந்த பின்னரா, முன்னரா?